சிவரஞ்சனி எழுதாத செய்திகள்

கீர்த்திகாவைக் காணோம் என்பது அன்று காலை ஏழே முக்காலுக்குத் தெரிந்தது. ஏற்காட்டில், தலைச்சோலைக்குப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் விருந்தாளிகள் தங்கும் மூன்று குடில்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. காலைக் காப்பி வரவில்லை என்று தங்கியிருந்தவர் ஒருவர் சத்தம் போட, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஆரோக்கியதாஸ் அவள் அறைக்குப் போய்ப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே ஆள் இல்லை. செருப்பும் இல்லை. போன் மட்டும் தலையணை மேல் கிடந்தது.

 வேலைக்குச் சேர்ந்த அன்றே அந்தப் பெண் அவரிடம் சொல்லி வைத்திருந்தாள்: "ஏனுங்ணா, ஒரு நாளைக்கு நான் இல்லைன்னா நீங்க தேடிட்டு இருக்காதீங்க, நேரா போலீசுக்குப் போயிருங்க. எம்புருசன் ஒருக்கா எம்மேல மண்ணெண்ணெய ஊத்திட்டாரு. அன்னிக்குத் தீப்பெட்டி கெடைக்கல, அவ்வளவுதாங்க."

மனுஷன் ஒரு நிமிஷம் வீணாக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு பைக்கில் ஏற்காடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் பறந்தார். அந்தப் போனுக்குப் பூட்டு கிடையாது. கல்யாணமான நாலு வருஷமும் கணவன் சரவணன் அவளைப் போனுக்குப் பூட்டுப் போட விட்டதில்லை. அவனிடமிருந்து ஓடிவந்த பிறகும் அவளுக்குப் பூட்டுப் போடத் தோன்றவில்லை. திரையைத் தொட்டதும் கடைசியாக வந்த செய்தி தெரிந்தது.

"நாளைக்குக் காலைல ஆறரைக்கு ரோட்டு வளைவுக்கு வாங்க. கார் அனுப்புறேன். ஒரு நாள் முழுக்கப் போன் இல்லாம இருந்து பழகணும், அதுவும் ஒரு பயிற்சிதான். போனை ரூம்லயே வச்சிட்டு வாங்க."

அனுப்பியவர் பெயர் சிவரஞ்சனி என்றிருந்தது. மேலே வட்டத்துக்குள் இருந்ததும் சிவரஞ்சனியின் முகம்தான். ஏற்காட்டில் மருந்துக்கடை மாடியில் மனநல ஆலோசனை சொல்கிறாரே, அதே சிவரஞ்சனி.

எட்டரை மணிக்கெல்லாம் போலீஸ் சிவரஞ்சனியை ஸ்டேஷனுக்கு வரவழைத்திருந்தது. எதிரே சப்-இன்ஸ்பெக்டர் ஹேமலதா.

"கீர்த்திகா உங்ககிட்ட வர்ற பேஷண்டா?"

"ஆமா. அஞ்சு மாசமா."

"எங்க வச்சிருக்கீங்க?"

"யாரை?"

ஹேமலதா போனைத் திருப்பிக் காட்டினார். சிவரஞ்சனி படித்தார். தன் முகத்தைப் பார்த்தார், தன் பெயரைப் பார்த்தார். 

"இது நான் இல்ல."

"படம் உங்களுது."

"படம் எல்லாரும் பார்க்கிற என் தொழில் பக்கத்துல இருக்கு. யார் வேணா எடுக்கலாம். மேடம், நான் என்கிட்ட வர்றவங்களோட இன்ஸ்டாவுல, பேஸ்புக்குல பழகறதே கிடையாது. அது எனக்குச் சட்டம் மாதிரி."

"அது உங்க சட்டம். இங்க மூணு மாசமா தெனமும் பேசியிருக்கு. புருஷன் சரவணனோட போன் காலைல இருந்து ஆஃப். மலையில இருந்து இறங்கற சேலம் ரோட்டுலயும் குப்பனூர் ரோட்டுலயும் ஆள் நிறுத்தியிருக்கேன். சாவடி கேமராவையும் பாத்தாச்சு, ஆறரையில இருந்து எந்த வண்டியிலயும் அந்தப் பொண்ணு கீழ இறங்கல. மலையிலதான் எங்கயோ இருக்கு. அவன் கையில கெடைக்கறதுக்கு முன்னாடி நமக்குக் கெடைக்கணும். தெரிஞ்சதைச் சொல்லுங்க."

உள்ளே நடந்த பேச்சை வெளியே விடக்கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் அந்தப் பாடத்தை மூடி வைக்கலாம் என்பதும் அதே தொழிலின் பாடம். சிவரஞ்சனி ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்தப் பேச்சு முழுசையும் நான் படிக்கணும்."

ஹேமலதா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போனைக் கையில் கொடுக்காமல் தானே நகர்த்திக் காட்டினார். முதல் செய்தியையே சிவரஞ்சனி இரண்டு தடவை படித்தார்.

"நீங்க அனுப்பின ரிக்வெஸ்ட்டை அந்தக் கணக்குல என்னால ஏத்துக்க முடியாதும்மா, எங்க தொழில் விதி. இது என் தனிக் கணக்கு. இங்க பேசலாம். ஆனா ரூம்ல இதைப் பத்தி மூச்சு விடாதீங்க. கேட்டாலும் நான் தெரியாதவ மாதிரிதான் இருப்பேன்."

அடப்பாவி, எவ்வளவு கச்சிதமான பொய். கீர்த்திகா அப்படி ஒரு நட்பு ரிக்வெஸ்ட் அனுப்பியது உண்மை. மூன்று மாசத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி அது வந்தது. சிவரஞ்சனி அதை நீக்கிவிட்டார். அதுவரை சரி. அடுத்த முறை அவள் வரும்போது, 'உங்களைப் பிடிக்காம இல்ல, இன்ன காரணத்தாலதான் சேர்க்கல' என்று எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அன்று கீர்த்திகா வந்ததிலிருந்து அழுதுகொண்டே இருந்தாள். இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

அறைக்குள் அவர் அந்தப் பேச்சை எடுக்காமல் இருக்க இருக்க, போலிக் கணக்கு சொன்னது சரி என்றே அந்தப் பெண்ணுக்குப் பட்டிருக்கும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் வெளுத்திருக்கும். இதை நினைத்ததும் சிவரஞ்சனிக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"உங்க ரூம்ல பேசறதெல்லாம் இந்தக் கணக்குக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் ஹேமலதா. "ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு இருக்குதே, திவ்யா. அது ஒட்டுக் கேட்டிருக்குமா?"

"கொஞ்சம் மேல போங்க. இன்னும் மேல." சிவரஞ்சனி திரையை உற்றுப் பார்த்தார். "பாருங்க. 'இன்னிக்கு எங்க அம்மாவப் பத்திப் பேசினதும் அழுகை வந்திருச்சுங்க மேடம்'னு கீர்த்திகா முதல்ல எழுதறாங்க. அதுக்கப்புறம்தான் 'அம்மாவ நெனச்சு அழறது நல்லதுதான்'னு பதில் வருது. எல்லா இடத்துலயும் இதே கதை. அவங்களே சொன்னதைத்தான் இது திருப்பிச் சொல்லுது. எங்க ரூம் விஷயம் எதுவும் இதுக்குத் தானாத் தெரியல."

அப்போது வாசலில் கார் நின்றது. உள்ளே வந்தவன் கீர்த்திகாவின் அண்ணன் ஜெயபிரகாஷ். முப்பத்திரண்டு வயசு இருக்கும். சட்டையில் சாக்கு நார் ஒட்டியிருந்தது, கண் சிவந்திருந்தது. தங்கை போனில் அவன் நம்பரைப் பார்த்து ஹேமலதாதான் கூப்பிட்டிருந்தார்.

"காப்பிக் கொட்டை வாங்கறதுக்கு மாரமங்கலம் வந்தனுங்க. உங்க போனு வந்ததும் ஓடியாறேன்" என்றான். "கெடைச்சிருச்சுங்களா?"

"இல்ல. உங்க தங்கச்சி எங்க தங்கியிருந்தாங்கன்னு தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாதுங்க. வாரத்துக்கு ஒருக்கா போன்ல பேசும். எங்கிருக்கேன்னு மட்டும் சொல்லாது. ஏற்காட்டுல ஒரு மேடத்தப் பாக்கறேன்னு மட்டும் சொல்லுச்சு."

"சரவணன் எங்க?"

"அவன் எங்க போனானோ. எனக்கு அவன் ரெண்டு பக்கத்துலயும் மச்சானுங்க. அவன் தங்கச்சி வள்ளியத்தான் நான் கட்டியிருக்கேன்."

"பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்ததா?"

"ஆமாங்க. ஆனா எந்தங்கச்சிக்கு ஒண்ணுன்னா மச்சானாவது மயிராவதுங்க." சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்த சிவரஞ்சனியை அப்போதுதான் கவனித்தான். யார் என்று ஹேமலதா சொன்னதும் பாய்ந்தான். "நீங்கதானா அந்த மேடம்? நல்லாப் பாத்துக்கிட்டீங்க. ஒரு ரிக்வெஸ்ட்ட எடுக்கக்கூட மனசில்லாம தள்ளி உட்டீங்களே, எந்தங்கச்சி அன்னிக்குப் போன்ல நொம்ப அழுதுச்சு. இப்ப எங்கீங்க அது?"

  தள்ளிவிட்டது நிஜம்தானே. சிவரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க இங்கயே இருங்க" என்றார் ஹேமலதா அவனிடம். சிவரஞ்சனியைப் பார்த்து, "நீங்க என்கூட வாங்க. அந்த ரூமைப் பாக்கணும். உங்களை விட்டுட்டுப் போற மாதிரி இல்ல" என்றார்.

ஜீப் தலைச்சோலை ரோட்டில் போனது. தை மாசத்துக்குப் பிறகு மலையில் ஒரு சொட்டு மழை இல்லை. இரண்டு பக்கமும் காப்பிச் செடிகள் இலை தொங்கி நின்றன. கிளை முழுக்க மொக்கு, ஆனால் ஒன்றுகூட விரியவில்லை.  சரவணன் கையில் அவள் இதற்குள் சிக்கியிருந்தால் என்ற நினைப்பை இரண்டு பெண்களும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

எஸ்டேட் கேட்டைத் தாண்டியதும் வாசனை மூக்கில் ஏறியது. மல்லிகைப்பூக் கடைக்குள் நுழைந்தது போல இருந்தது. கீர்த்திகாவின் அறை ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடிகள் கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்திருந்தன. முந்தாநாள் விரிந்த பூ. இதழ் ஓரத்தில் பழுப்பேறத் தொடங்கியிருந்தது.

அறையில் தடயம் என்று சொல்ல எதுவும் இல்லை. அலமாரியில் துணிமணி அப்படியே இருந்தது. சண்டை நடந்த அடையாளம் இல்லை. ஹேமலதா சலித்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மேடம், அந்தப் போனை இன்னொரு தடவை காட்டுங்க" என்றார் சிவரஞ்சனி. "ஜன்னல் படங்கள்."

அது போலிக் கணக்கு கொடுத்த 'பயிற்சி'. தினமும் காலையில் ஜன்னல் வழியாகத் தெரிவதை ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும், மனசு ஒரு நிலைக்கு வரும் என்று எழுதியிருந்தது. கீர்த்திகா ஒரு மாசமாக அனுப்பியிருந்தாள். பாவம், பயந்து பயந்துதான் எடுத்திருக்கிறாள். பலகை இல்லை, ரோடு இல்லை, வீடு இல்லை. பச்சைச் செடி, சில்வர் ஓக் மரம், பனிமூட்டம். ஏற்காட்டில் எந்த எஸ்டேட்டில் நின்று எடுத்தாலும் இதே படம்தான் விழும். கடைசிப் படம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இந்தப் படத்துக்கு அப்புறம் என்ன எழுதியிருக்கு?"

"'பயிற்சி முடிஞ்சிருச்சும்மா, இனிமே படம் வேண்டாம்.' அடுத்த நாள் ராத்திரிதான் காலைல வரச் சொல்லிச் செய்தி."

"ஏன் வேண்டாம்? ஒரு மாசம் கேட்டுட்டு, இந்த ஒரு படத்தோட ஏன் நிறுத்தினாங்க?" சிவரஞ்சனி ஜன்னலைப் பார்த்தார். வாசலில் நின்ற ஆரோக்கியதாஸைக் கூப்பிட்டார். "ஏனுங்க ரைட்டர், வர்ற வழியில எங்கயும் பூ இல்லையே. இங்க மட்டும் எப்படிப் பூத்துச்சு?"

"மழை பேஞ்சாத்தானுங்க பூக்கும். இந்த வருசம் பேயலையே. அதுனால மொதலாளி ஸ்பிரிங்ளர் போட்டுத் தண்ணி அடிச்சாரு. அடிச்சு எட்டொம்பது நாள்ல பூ வெடிச்சிருச்சு."

"வேற யாரும் அடிக்கலையா?"

"குடிக்கவே தண்ணி இல்லைங்க, பூவுக்கு எங்க அடிக்கறது? ஏரி மாதிரிக் கொளம் இங்க மட்டுந்தான் இருக்குது. மலையில இன்னிக்குப் பூத்து நிக்கறது நம்ம எஸ்டேட் ஒண்ணுதானுங்க."

சிவரஞ்சனி எழுந்தார். 

"ஸ்டேஷனுக்குப் போகணும். வேகமா. யாருன்னு தெரிஞ்சிருச்சு."

பத்தே கால் மணி. ஜெயபிரகாஷ் பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிவரஞ்சனி அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

"உங்க தங்கச்சி எங்கீங்க?"

"எங்கிட்டக் கேட்டா?"

"உங்ககிட்டதான் கேக்கணும்." அவர் ஹேமலதா பக்கம் திரும்பினார். "மேடம், இந்தக் கணக்கை வச்சிருக்கிற ஆளுக்குக் கீர்த்திகா இருக்கிற இடம் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஜன்னல் படம் எதுக்கு? அதனால திவ்யா இல்ல. அவகிட்ட விலாசமே இருக்கு. எஸ்டேட் ஆளுங்களும் இல்ல. சரியா?"

"சரி. அப்ப சரவணன்."

"சரவணன் என்ன தொழில்?"

"சேலத்துல டைல்ஸ் கடை."

"அந்த வெள்ளைப் படத்தை டைல்ஸ் கடைக்காரர் பார்த்தா என்ன நினைப்பார்? பூ நல்லா இருக்குன்னு நினைப்பார். நீங்களும் நானும் அப்படித்தானே பார்த்தோம்? மழையே இல்லாத வருஷத்துல காப்பி பூத்திருக்குன்னா, தண்ணி அடிச்ச தோட்டமாத்தான் இருக்கணும், அது மலையில ஒண்ணே ஒண்ணுதான்னு ஒரு பார்வையில கண்டுபிடிக்க, வருஷம் முழுக்கத் தோட்டம் தோட்டமாச் சுத்துற ஆளா இருக்கணும். காப்பிக் கொட்டை வாங்கற வியாபாரியா இருக்கணும்."

ஜெயபிரகாஷ் எழுந்தான். "மலையில நூறு யாவாரி இருக்கான்."

"இருக்காங்க. ஆனா அந்த நூறு பேர்ல, கீர்த்திகா எனக்கு ரிக்வெஸ்ட் அனுப்பினது, நான் அதை எடுக்காதது, இது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல. போலிக் கணக்கோட முதல் செய்தியே அந்த ரிக்வெஸ்ட்டைப் பத்தித்தான். காலைல என் மேல பாஞ்சீங்களே, அப்ப நீங்களே சொன்னீங்க. உங்ககிட்ட அழுதிருக்காங்க. அந்த அழுகையை வச்சுத்தான் நீங்க கணக்கே தொடங்கினீங்க."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்.  ஜெயபிரகாஷ் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"எங்க வச்சிருக்க?" ஹேமலதாவின் மரியாதை பறந்துவிட்டது. "காருல யார் போனது?"

"நாந்தானுங்க. 'மேடம் அனுப்பிச்சாங்க, உன்னை எங்கூட மனசு விட்டுப் பேசச் சொல்லியிருக்காங்க'ன்னேன். ஏறிக்கிச்சு." அவன் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தான். "அதை ஒண்ணும் பண்ணலீங்க. புத்தி சொல்லி அனுப்பி வைக்கலாம்னுதான். இது ஊட்ட உட்டு ஓடியாந்த மறுவாரமே சரவணன் ஊட்டுக்காரங்க வந்து வள்ளியக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கைக்கொழந்தையோட. 'உந்தங்கச்சி எங்க ஊட்டுக்கு வந்தா இவ உங்க ஊட்டுக்கு வருவா'ன்னுட்டாங்க. எம்பையன் இப்ப நடக்கறானாமுங்க. நடக்கறதை நான் பாக்கலைங்க."

"அவ மேல மண்ணெண்ணெய் ஊத்தினவன்கிட்ட அனுப்பறதுக்கா?"

"இனிமே அடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கான்."

"இடம்" என்றார் ஹேமலதா.

"மாரமங்கலத்துல என்ற குடோன். பதினோரு மணிக்கு அவன் வர்றேன்னிருக்கான். குப்பனூர் வழியா. கீழ எறங்கற வண்டியத்தான் நீங்க பாப்பீங்க, மேல வர்றதை நிறுத்த மாட்டீங்கன்னு நெனச்சேன்."

ஹேமலதா ஏற்கெனவே வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்திருந்தார்.

மாரமங்கலம் ரோட்டின் வளைவுகளில் ஜீப் போன வேகத்துக்கு டிரைவரே இரண்டு தடவை சாமியைக் கூப்பிட்டார். முன்னால் காட்டெருமை ஒன்று ரோட்டைக் கடந்து முடிக்கும் வரை நிற்க வேண்டியிருந்தது. சிவரஞ்சனி தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கடவுளே, இருக்கட்டும், உயிரோடு மட்டும் இருக்கட்டும், அப்புறம் என்னை என்ன வேணா திட்டட்டும் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் ஓடவில்லை. பாதி வழியில் வயர்லெஸ் கரகரத்தது. குப்பனூர் சோதனைச் சாவடியில் சரவணனின் காரை நிறுத்திவிட்டார்கள். பின் சீட்டில், புதுப் புடவையும் பூவும் வைத்த தாம்பாளத்துக்குக் கீழே, ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருந்ததாம். மூடியைத் திறந்து பார்க்கத் தேவை இருக்கவில்லை, கார் முழுக்க அந்த வாடைதான். ஜீப்பின் பின் சீட்டில் விலங்கோடு உட்கார்ந்திருந்த ஜெயபிரகாஷும் அதைக் கேட்டான். அதற்குப் பிறகு அவன் நிமிரவே இல்லை.

குடோன் பூட்டை ஹேமலதா திறந்தார். உள்ளே சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் கீர்த்திகா உட்கார்ந்திருந்தாள். காயம் எதுவும் இல்லை. கத்திக் கத்தித் தொண்டை மட்டும் கட்டியிருந்தது. சிவரஞ்சனியைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வருவீங்கன்னு தெரியுமுங்க மேடம். அண்ணன் உங்களை ஏமாத்திருச்சுங்க. உங்க பேரைச் சொல்லிக் கூட்டியாந்திருச்சு. நீங்க நேத்து ராத்திரி அனுப்பினதைப் பாத்து..."

சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னொரு நாள் என்று தள்ளிவைத்து ஏற்கெனவே ஒரு தடவை கெட்டது போதும்.

"கீர்த்திகா, அந்தக் கணக்கு என்னுது இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. "நேத்து அனுப்பினது மட்டுமுங்களா?"

"எதுவுமே நான் எழுதல. முதல் நாள்ல இருந்து. நீங்க அனுப்பின ரிக்வெஸ்ட்டை நான் பார்த்தேன், எடுக்கல. ஏன் எடுக்கலன்னு உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு. அந்த இடைவெளியில உங்க அண்ணன் பூந்துட்டார்."

கீர்த்திகா பிடித்திருந்த கையை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது. வெளியே ஜீப்பில் குனிந்து உட்கார்ந்திருந்த அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"'அடி வாங்குன உங்க மேல ஒரு தப்பும் இல்ல, திரும்பிப் போகணும்னு உங்களைச் சொல்ல யாருக்கும் உரிமை இல்ல'ன்னு ஒரு நா எழுதியிருந்தீங்க. நான் அழுதுட்டு, கல்யாணத்துக்கப்புறம் அன்னிக்குத்தானுங்க நல்லாத் தூங்குனேன். அதுவுமா எங்கண்ணன் எழுதினது?"

"ஆமா."

அவள் அழவில்லை. குரல்தான் இறங்கிவிட்டது.

"அப்ப எம்மேல தப்பில்லன்னு அண்ணனுக்குத் தெரிஞ்சேதான் இருந்திருக்குதுங்க."

 சிவரஞ்சனியும் கீர்த்திகாவும், அண்ணன் இருந்த ஜீப்பில் ஏறாமல், மாரமங்கலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸுக்கு ரோட்டோரத்தில் நின்றார்கள்.